வழி தவறிய தளபதி

காலைப் பனிமூட்டத்தில் தன் முகாம் என்று நினைத்து, பிரபு வம்சத்துப் பிரெஞ்சுத் தளபதி வோக்ளேர் நேராக எதிரிகளான ஆஸ்திரியர்களின் முகாமுக்குள் குதிரையை விட்டார். "சூப் சூடா இருக்காடா?" என்று வேறு கேட்டார். சூப் கிடைத்தது, கூடவே காவலும்.

மூன்றாம் நாள் சார்ஜென்ட் கஸ்பார் நாலைந்து வீரர்களோடு பாய்ந்து வந்து அவரை மீட்டான்.

வெட்கம் தளபதியைப் பிடுங்கித் தின்றது.

"பதவியை விடப் போறேன் கஸ்பார். இத்தனை வருஷத்துல ஒரு சண்டை ஜெயிச்சேனா? போர்க்களத்துக்கு நான் போய்ச் சேர்றதுக்குள்ள சண்டையே முடிஞ்சிருக்கும். எனக்காக எதுக்குடா உயிரைப் பணயம் வச்சீங்க?"

"உங்க வீரத்துக்காகத்தான் பிரபு."

"பொய்."

"உங்க குலப்பெருமைக்காக..."

"என் தாத்தாவுக்காகவா குண்டடி படத் துணிஞ்சே? உண்மையைச் சொல்லுடா!"

கஸ்பார் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"நீங்க மாட்டினதும் கர்னல் பொறுப்பேத்துக்கிட்டாருங்க. படு கெட்டிக்காரர். மறுநாளே எங்களை வழி தவறாம போர்க்களத்துல கொண்டுபோய் நிறுத்திட்டாரு. பாதிப் பேர் திரும்பி வரல. உங்க காலத்துல எங்க வீட்டுப் பொம்பளைங்க ஒருத்திகூட விதவையாகிக் கறுப்பு உடுத்தல, பிரபு."