ஒரே ஒரு பூஜ்யம்

உல்லாசக் கப்பலில் பயணிகளை ஒரு வாரம் சிரிக்க வைப்பதுதான் குரூஸ் டைரக்டரின் வேலை. கருத்துப் படிவத்தில் மார்க் குறைந்தால் அடுத்த ஒப்பந்தம் கிடையாது.

“எல்லாரும் பத்துக்குப் பத்து சார். ரூம் 412 மட்டும் பூஜ்யம்,” என்றார் உதவியாளர்.

“யாருப்பா அது?”

“தனியா வந்த மேடம். ‘மைக் இல்லாமல் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை’ன்னு எழுதியிருக்காங்க. கேப்டன் பார்க்கிறதுக்குள்ள சமாதானம் பண்ணிடுங்க.”

சட்டையில் குத்திய மைக்கோடும் பழக்கூடையோடும் டைரக்டர் போய் 412-இன் கதவைத் தட்டினார். திறந்தவளைப் பார்த்ததும் தொழில் புன்னகை கழன்றது.

“நீயா? எப்ப வந்தே?”

“ஆறு நாளாச்சு,” என்றாள் அவர் மனைவி. “வீட்டுல உங்களைப் பிடிக்க முடியலை. டிக்கெட் எடுத்தாவது பார்க்கலாம்னு வந்தேன்.”

“சொல்லியிருக்கலாம்ல?”

“நீங்களே பார்த்து அசந்துபோவீங்கன்னு முன் வரிசையிலேயே உட்கார்ந்தேன். முந்தாநாள் மைக்குல, ‘மேடம், உங்க வீட்டுக்காரர் வரலையா’ன்னு என்னையே கேட்டீங்க.”

“மேடை விளக்கு கண்ணுல அடிச்சுதும்மா.”

“கூட்டம் நல்லாத்தான் சிரிச்சுது.”

அவர் பழக்கூடையை நீட்டினார். “மார்க்கை மாத்துவியா?”

“மைக்கைக் கழட்டி வெச்சிட்டு உள்ளே வாங்க. பேசிப் பார்த்துட்டுப் போடறேன்.”