அவர் குரல்

"முக்கால்வாசி இடத்தை ஒரே ஃபோல்டர்தான் சார் அடைச்சுக்கிட்டிருக்கு. 'அவர் குரல்'னு பேரு போட்டிருக்கு" என்றார் கம்ப்யூட்டர் மெக்கானிக்.

மனைவி மேல் அருவியாருக்கு இருந்த கோபம் அதைக் கேட்டதும் நின்றது. 'அருவியார்' என்பது ஊர் அவருக்கு வைத்த பெயர். 'இல்லறம் இனிக்க' என்ற தலைப்பில் மைக் முன்னால் நின்றாரென்றால் விடாமல் கொட்டுவார். கேட்கிறவர்கள் தொப்பலாக நனைந்துதான் வீடு திரும்ப வேண்டும்.

காலையில் தன்னுடைய பாராட்டு விழா வீடியோவைக் கம்ப்யூட்டரில் ஏற்றப் பார்த்தார். இடமில்லை என்று அது முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டது. "கண்ட குப்பையையும் சேத்து வச்சிருப்பா" என்று மனைவியைத் திட்டிக்கொண்டேதான் மெக்கானிக்குக்குப் போன் போட்டார். அவள் வீட்டிலிருந்தபடியே பதிப்பகங்களுக்குப் பிழை திருத்திக் கொடுப்பவள். கம்ப்யூட்டர் பெரும்பாலும் அவள் கையில்தான் இருக்கும். இப்போது கடைக்குப் போயிருந்தாள்.

"யார் குரலாம் அது? திறங்க, பாத்துடலாம்."

ஒலிப்பதிவுகள் சரம் சரமாக இறங்கிக்கொண்டே போயின. ஒவ்வொன்றின் தலையிலும் தேதியும் நேரமும் பிசகில்லாமல் குறித்திருந்தது. மெக்கானிக் நடுவில் ஒன்றைத் தட்டினார்.

பாத்திரம் கழுவுகிற சத்தம். குழாய் நின்றது. ஒரு செருமல். "இங்க வா. இப்படி நில்லு. நான் பேசி முடிக்கிற வரைக்கும் நீ வாயத் தொறக்கக் கூடாது..."

"நான்தான்யா அது!" அருவியார் துள்ளினார். "என்ன கணீர்னு இருக்கு பாத்தீங்களா? இந்தத் தொடக்கத்துலயே கூட்டம் கட்டுப்பட்டுடும்."

மெக்கானிக் சட்டென்று நிறுத்தினார். "மேடைப் பேச்சு ஒண்ணுகூட இதுல இருக்கிற மாதிரி தெரியல சார். எல்லாமே வீட்டுல பேசினது போல..."

"அதானே விசேஷம்! மேடையில பேசினதை ஊரே பிடிச்சு வச்சிருக்கு. வீட்டுல நான் சொல்றதெல்லாம் காத்தோட போகுதேன்னு அவளுக்குப் பொறுக்கல, புரியுதா?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் ஒரு கூட்டத்துக்கும் வந்ததில்லை. கூப்பிட்டால் தலைவலி என்பாள். அந்த முள் அவர் நெஞ்சில் ரொம்ப நாளாகக் குத்திக்கொண்டிருந்தது. மேலுக்குக் கல்லுப் பிள்ளையார் மாதிரி இருந்துகொண்டு, உள்ளுக்குள் இப்படியொரு ரசிகையா!

"இதுல பாதியை அழிச்சாலே இடம் வந்துடும் சார். இல்லேன்னா..."

"அழிக்கிறதா? கைய வச்சுடாதீங்க! உங்ககிட்ட இருக்கிறதுலயே பெரிய டிஸ்க்கா போடுங்க."

மெக்கானிக் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினார். உள்ளே ஒட்டடை மாதிரி தூசி. துடைத்துவிட்டு, பழைய டிஸ்க்குக்குக் கீழே காலியாக இருந்த இடத்தில் புதியதைச் செருகி, நான்கு பக்கமும் ஸ்க்ரூவை முடுக்கினார். அருவியார் டார்ச் பிடித்தார். ஒரு பொழுதும் ஒரு துரும்பைக் கிள்ளிப் போடாத மனிதர், குனிந்த முதுகு நிமிராமல் வெளிச்சம் காட்டினார்.

"பழசையும் எடுக்க வேண்டாம். ரெண்டுலயும் ஒவ்வொரு காப்பி இருக்கட்டும். இதெல்லாம் பொக்கிஷம்."

"சரி சார்" என்றார் மெக்கானிக்.

காப்பி ஆகி முடிகிற நேரத்தில் மனைவி வந்தாள். திரையில் விரிந்து கிடந்த ஃபோல்டரைப் பார்த்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். கணவனை விட்டுவிட்டு மெக்கானிக்கைத்தான் கேட்டாள்.

"அழிச்சிட்டாரா?"

"இல்லம்மா. பழைய டிஸ்க்லயும் இருக்கு, புதுசுலயும் இருக்கு. இனிமே ஒண்ணு கெட்டாலும் இன்னொண்ணு கைகொடுக்கும்." சொல்லிவிட்டு அவர் பையைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அவள் மெல்ல வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அடக்கி வைத்திருந்த மூச்சு இப்போதுதான் வெளியே வந்தது.

"கள்ளி! எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?" அருவியார் செல்லமாக அதட்டினார். "எவ்வளவு நாளா நடக்குது இது?"

"ரெண்டு வருஷமா."

"நான்தான் காசைப் பாக்காம பெரிசா போடச் சொன்னேன். இனிமே நீ எவ்வளவு வேணும்னாலும் பதிவு பண்ணிக்கலாம்."

"போதுங்க. இனிமே தேவைப்படாது" என்றாள் அவள். பிறகு, "ஆனா இதைப் பத்திரமா வச்சதுக்கு ரொம்ப நன்றி" என்றாள்.

அவள் வாயிலிருந்து நன்றி! அருவியாருக்குத் தலைகால் புரியவில்லை. நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பூட்டி வச்சு என்ன பிரயோஜனம் சொல்லு? நாலு பேர் காதுல விழணும்."

"விழும். ஒருத்தர் முழுசா வேணும்னு கேட்டிருக்காரு. நாளைக்குக் கொண்டுபோய்க் குடுக்கணும்."

"பாத்தியா, பாத்தியா! எனக்குத் தெரியும், என்னிக்காவது ஒருத்தன் தேடி வருவான்னு. யாரு, உனக்கு வேலை குடுக்கிற பதிப்பகத்துக்காரரா?"

அவள் அவரை நேராகப் பார்த்தாள்.

"என்னோட வக்கீல்."