சோத்தாங்கைப் பக்கம்

என் கணவர் கஸ்பார் இறப்பதற்கு முந்தின நாள், எங்கள் பாய்மரப் படகை ஓட்டும் கணினிக்குப் பேச்சுக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். மூன்று மாதம் கழித்து, இருவருமாகப் போக நினைத்த உலகப் பயணத்துக்கு நான் மட்டும் கிளம்பினேன்.

தூத்துக்குடித் துறைமுக வாயிலில், “சோத்தாங்கைப் பக்கம் திரும்பு” என்றேன். படகு இடப்பக்கம், பாறைகளை நோக்கித் திரும்பியது.

“ஏ கூறுகெட்டதே! சோறு திங்கிற கை எதுன்னு தெரியாதா?”

“இடதுதான பிள்ள” என்றது படகு.

சுக்கானைப் பிடித்து வளைத்த பிறகுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. கஸ்பார் இடக்கையால் சாப்பிடுகிறவர்.

கரையிலிருந்து அவர் தம்பி ரேடியோவில் கத்தினார்: “மதினி, திரும்பி வாங்க! எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசாச் சொல்லிக்குடுப்போம்.”

“வேண்டாம் தம்பி. நான் மாத்திச் சொல்லிப் பழகிக்கிடுதேன்.”

கிளம்பி இது பதினாலாவது மாதம். மடகாஸ்கர் பக்கம் நல்ல காற்று. படகுக்கு இன்னும் சோத்தாங்கை இடதுதான்.