எவன் வீட்டு இலை?

"அம்மா நனையுதுடி! ஓடியா!"

நாகராஜ் போட்ட கூச்சலில் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள் பாக்யலட்சுமி. கூடத்துச் சுவரில் ஒழுகி இறங்கிய மழைத்தண்ணீர், மாலை போட்டிருந்த மாமியார் படத்தின் குங்குமத்தைக் கரைத்துக்கொண்டிருந்தது.

படத்தைக் கழற்றிக் கட்டில்மேல் வைத்தான். மூட்டுவலியால் மாதக்கணக்கில் ஏறாத மாடிப்படியில், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினான்.

"நீங்க எதுக்குங்க? மழை வுடட்டும், அடைப்ப நான் எடுத்துடறேன்" என்று பின்னாலேயே வந்தாள் பாக்யலட்சுமி.

மொட்டை மாடி குளமாகக் கிடந்தது. தண்ணீர் இறங்கும் குழாய் அடைத்திருந்தது.

பக்கத்து வீட்டு வாசலில் இருசப்பன் வலைமேல் தார்ப்பாய் போர்த்திக்கொண்டிருந்தார். ஆவணி வரை அவருடைய பாதாம் மரம் நாகராஜ் மாடிக்கும் சேர்த்துக் குடை பிடித்தது. இலை விழுந்து குழாய் அடைக்கிறதென்று ஊர்ப் பஞ்சாயத்தைக் கூட்டி, அதை வெட்ட வைத்தவன் நாகராஜ். அதிலிருந்து வெயிலில் உட்கார்ந்துதான் அவர் வலை பின்னுகிறார்.

"யோவ் இருசப்பா! மரந்தான் போச்சே, இப்ப எப்படிய்யா அடைக்குது? ஆத்திரத்துல நீதான இலைய அள்ளியாந்து அடைக்கிற?"

"எனக்கு வேற பொழப்பில்ல பாரு! எடுத்துப் பாருடா. என் கைவேலைன்னா ஊர வுட்டே போயிடறேன்."

"நாளைக்கே பஞ்சாயத்துல நிக்க வெக்கிறேன். எங்கம்மாவுக்கு இவ மாடியில காக்கா சோறு வெக்காம நான் ஒரு வாய் தின்னதில்லய்யா. எங்கிட்ட சூதா?"

"வாங்க, கீழ போலாம்." பாக்யலட்சுமி அவன் தோளைப் பிடித்து இழுத்தாள். "அதுல கைய வுடாதீங்க."

"அவனுக்கு நீ வக்காலத்தா?"

அவளை உதறிவிட்டுக் குழாய்க்குள் கையை விட்டான். பல்லைக் கடித்து இழுத்தான். கொழகொழவென்று ஒரு கொத்து கையோடு வந்தது. தேங்கிய தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கியது.

"பாத்தியா! இலை! எவன் வீட்டு இலைடா இது?" வெற்றியோடு தலைக்குமேல் தூக்கிக் காட்டினான்.

இருசப்பன் உற்றுப் பார்த்தார். வாசலில் மிச்சமிருந்த அடிக்கட்டையைத் திரும்பிப் பார்த்தார்.

நாகராஜ் கையைக் கீழே இறக்கினான். வாழையிலைத் துண்டுகள். அவற்றின் இடுக்கிலிருந்து ஊறிப்போன சோற்றுப் பருக்கைகள் முழங்கை வழியாக வழிந்தன.

பாக்யலட்சுமி முந்தானையால் அவன் கையைத் துடைத்தாள்.

"அத்தைக்கு வெச்ச சோறுங்க... மரம் போனதுலேருந்து ஒரு காக்கா வரல."