சர்டிபிகேட் வயது

"வயசு ஐம்பத்தொன்பதுதானேம்மா?"

டாக்டர் பேனாவோடு காத்திருந்தார்.

அவள் ஆதார் அட்டையை மேஜையில் நகர்த்தி வைத்தாள். அதில் அப்படித்தான் இருந்தது. பள்ளி சர்டிபிகேட்டைப் பார்த்து அடித்தது.

பக்கத்து நாற்காலியில் அவள் கணவர். மேமோகிராம் கவரை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை ஆபரேஷன். இரண்டு மார்பகங்களையும் குறைத்துத் தைப்பார்கள். பிரா பட்டை அழுத்தித் தோளில் விழுந்த பள்ளம், மரத்துப்போகும் விரல்கள், கோடைதோறும் மார்புக்கு அடியில் புண்ணாகும் தோல். இருபது வருடமாகத் தள்ளிப்போட்டு வந்தது. பிள்ளைகள் படிப்பு, மகள் கல்யாணம், மாமியார் படுக்கை.

"நாப்பதுல வந்திருந்தீங்கன்னா சீக்கிரம் ஆறியிருக்கும்," என்றார் டாக்டர். "பரவால்ல. ஆபரேஷன் ஆபத்துக்கு மார்க் போடுவோம், அறுபது வரைக்கும் வயசுக்கு ஒரு மார்க். தாண்டிட்டா ரெண்டு. உங்களுக்கு எல்லாம் சேத்து நாலு வருது. அஞ்சு ஆயிருந்தா கால்ல ரத்தம் உறையாம இருக்க ஊசி போட்டாகணும். உறைஞ்சு நுரையீரலுக்குப் போனா உயிருக்கே ஆபத்து."

நாலு.

ஒரு மார்க்கில் தேறிவிட்டாள். பள்ளிக்கூடத்தில்கூட அவளுக்கு இப்படி வாய்த்ததில்லை.

ஆனால் அவளுக்கு வயது அறுபத்திரண்டு.

மூன்று தம்பிகளை இடுப்பில் தூக்கி வளர்த்துவிட்டு, எட்டு வயதில் ஒன்றாம் வகுப்புக்குப் போனவள். ஐந்து என்றார் அப்பா. ஹெட்மாஸ்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எல்லாப் பிள்ளைகளுக்கும் போடுகிற ஜூன் ஒன்றாம் தேதியையே அவளுக்கும் போட்டார்.

தெரிந்தால் பேரை அடித்துவிடுவார்கள், மூச்சு விடாதே என்றார் அப்பா.

விடவில்லை.

ஆறாம் வகுப்பில் மற்றவர்கள் பாவாடை சட்டையில் நிற்க, அவள் மட்டும் தாவணியில் எறிபந்து ஆடினாள். பத்து வயசுக்கு இது ரொம்ப அதிகம் என்று டீச்சர்கள் அவள் காதுபடப் பேசினார்கள். அவளுக்குப் பதிமூன்று. சொல்ல முடியவில்லை. புத்தகப் பையை நெஞ்சோடு அணைத்துக் குனிந்து நடக்கப் பழகினாள்.

பந்து வரும்போது மட்டும் நிமிர்ந்தாள்.

எம்பிப் பிடித்தால் உள்ளங்கை எரியும். காலுக்கடியில் தரை இருக்காது. உடம்புக்கு எடையே இருக்காது. அந்த மைதானத்தை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் ஏக்கமாக இருந்தது. கேலி செய்த பெண்களையும் சேர்த்துத்தான் மனசு தேடியது.

கல்யாணப் பேச்சு வந்தபோது, ஜாதகத்தைச் செல்லரித்துவிட்டது என்றார் அப்பா. பெயர்ப் பொருத்தம் பார்த்தார்கள். மாப்பிள்ளை இரண்டு வயது மூத்தவர், நல்ல பொருத்தம் என்றது ஊர்.

அவள்தான் ஒரு வயது மூத்தவள்.

முப்பத்தேழு வருடமாக இதை அவரிடம் சொன்னதில்லை. மாமியார் இருந்தவரை பயம். அதற்கப்புறம் வெட்கம். பேரன் எடுத்த பிறகும் அது போகவில்லை.

டாக்டர் நாலைச் சுற்றி வட்டம் போட்டார்.

சொல்லிவிட வேண்டும். உயிர் போகிற காரியம். கணவர் எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வரலாமே என்று ஓரக்கண்ணால் பார்த்தாள். அந்த மனிதர் நகர்வதாக இல்லை.

"அறுபத்திரண்டுன்னு போட்டுக்கோங்க டாக்டர்."

சொன்னது அவர்.

டாக்டர் ஆதாரைப் பார்த்தார்.

"அது பள்ளிக்கூடத்துல போட்டது. நெசம் இதுதான். அவளே சொல்லுவான்னு பாத்தேன்."

டாக்டர் ஒன்றை அடித்து இரண்டு என்று எழுதினார். நாலு ஐந்தாயிற்று. ஆபரேஷன் நாளைக்கேதான், ஊசி மட்டும் சேரும், தையல் ஆறக் கொஞ்சம் பொறுமை வேண்டும் என்றார்.

அவள் தலை நிமிரவில்லை. வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் கேட்டாள்.

"ஏங்க, எப்பருந்து தெரியும்?"

"அது இப்ப எதுக்கு. ரத்தம் எடுக்கக் கூப்புடுவாங்க, கைய நீட்டி வை."

கையை நீட்டி வைத்தாள்.

போன வருடம் அவருக்கு அறுபதாம் கல்யாணம் நடந்தது. மாலையோடு அவள் காலில் விழக் குனிந்தபோது, அவர் சட்டென்று காலை உள்ளே இழுத்துக்கொண்டார். கிழவருக்கு வெட்கத்தைப் பார் என்று எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

பொங்கலுக்குப் பொங்கலும் அப்படித்தான் இழுத்துக்கொள்வார்.

தாலி கட்டிய அன்றைக்கும் இழுத்துக்கொண்டார்.