ஆளுக்கு ஒரு டப்பா

அரிசி டிரம்முக்குள் டம்ளரை விட்டேன். டங் என்றது.

அரிசியில் அப்படிச் சத்தம் வராது. நான் லிஃப்ட் மெக்கானிக். எது எதில் இடித்தால் என்ன சத்தம் வரும் என்று என் காதுக்குத் தெரியும். உள்ளே தகரம் இருக்கிறது.

இந்த டிரம்மில் நான் கை வைத்ததே இல்லை. தட்டுப்பாடு தொடங்கிய நாளிலேயே என் மனைவி போட்ட சட்டம் அது. பருப்பு எத்தனை நாளைக்கு வரும், சர்க்கரையை எங்கே வைத்தால் எறும்பு மோப்பம் பிடிக்காது, எது பழையது, எது புதியது, எல்லாம் அவள் பொறுப்பு. எனக்கு விட்டது பரண் மட்டும். ஏணி ஏறுவது என் பிழைப்பு என்பதால்.

இன்று அவளால் முடியவில்லை. முந்தாநாள் சர்க்கரை வரிசையில் யாரோ இடித்துத் தள்ளியதில் மணிக்கட்டு பிசகி, கட்டுப் போட்டிருக்கிறது. மாத்திரை போட்டுக்கொண்டு தூங்குகிறாள். எழுவதற்குள் ஒரு சோறாவது வடித்து நல்ல பெயர் வாங்கலாம் என்று பார்த்தேன். என் ராசி.

கையை விட்டுத் துழாவினேன். முழங்கை வரை அரிசி. ஒரு டப்பா வந்தது. இன்னொன்று. அப்புறம் மூன்றாவது.

பால் பவுடர்.

முதலில் கோபம்தான் வந்தது. எட்டு மாதமாக இந்த வீட்டில் பால் இல்லாத டீ. பவுடர் கடைக்கு வரவே இல்லை என்று ஒவ்வொரு முறையும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொல்வாள். நானும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுவேன்.

அரிசித் தூசியைத் துடைத்தேன். டப்பாவின் மேல் ஒரு குழந்தை, வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தது.

டீக்குப் போடுகிற பவுடரே இல்லை அது.

கோபம் வந்த வழியே போய்விட்டது. ஏனென்றால் அதே குழந்தை பரணிலும் சிரித்துக்கொண்டிருக்கிறது. பழைய மின்விசிறிக்குப் பின்னால், ஐந்து டப்பாக்களில். அதை வைத்தவன் நான்.

மகள் தனக்குப் பிடித்தவனோடு போய் இரண்டு வருடம் ஆகிறது. இந்த வாசலை மிதிக்காதே என்று சொன்னவன் நான். அவள் பேச்சே இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்று மனைவியிடம் சொன்னவனும் நான்தான். வாய்க்கொழுப்பு.

குழந்தை பிறந்த சேதி எனக்கு ஒரு லிஃப்ட்டுக்குள் வந்தது. மகளின் பக்கத்து வீட்டுக்காரர், நான் பழுது பார்த்துக்கொண்டிருந்த கட்டடத்தில் வேலை செய்பவர், ஸ்குரூடிரைவரோடு நின்ற என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"தாத்தா ஆயிட்டீங்க போல! பொண்ணாம்ல?"

தெரியுமே என்று சொல்லிவிட்டேன். அன்று சாயங்காலமே போய் வரிசையில் நின்றேன்.

ஆளுக்கு ஒரு டப்பாதான் என்று கடையில் எழுதிப் போட்டிருந்தார்கள். கடைக்காரர் டப்பாவையும் என் நரைத்த மீசையையும் மாறி மாறிப் பார்ப்பார். பின்னால் நிற்பவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். டப்பாவைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு மகளின் தெருமுனை வரை போவேன். யாராவது பார்த்து, உள்ளே வாங்க என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்களா என்று நிற்பேன். கால் கடுக்கும். திரும்பி வந்து பரணில் ஏற்றுவேன்.

இப்படி ஐந்து முறை.

ஏணியைப் போட்டு ஐந்தையும் இறக்கினேன். அவளுடைய மூன்றுக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தேன். ஏணி கிறீச்சிட்டதில் அவள் எழுந்து வந்துவிட்டாள்.

டப்பாக்களைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஒரு பெரிய சண்டைக்குத் தயாராக நின்றேன்.

அவள் இடது கையால் என் டப்பா ஒன்றை எடுத்துத் திருப்பி, பக்கவாட்டில் இருந்த எண்ணை எனக்குக் காட்டினாள். ஒன்று.

"இது பொறந்த குழந்தைக்குங்க. ஆறு மாசம் வரைக்கும்தான். அவளுக்கு நாலு பல்லு வந்தாச்சு."

அப்படி எண் போட்டிருப்பார்கள் என்றே எனக்குத் தெரியாது. என்னுடைய ஐந்திலும் ஒன்று என்றே போட்டிருந்தது. போன வாரம் வாங்கியதிலும் ஒன்று. எனக்குச் சேதி சொன்ன அன்றைக்கே குழந்தை அப்படியே நின்றுவிட்டதாக நினைத்து வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவளுடைய மூன்றிலும் இரண்டு என்ற எண்.

ஒன்று என்று போட்டது அவளிடம் ஒரு டப்பாகூட இல்லை. அவள் கொண்டுபோய்க் கொடுத்து, அவற்றையெல்லாம் குழந்தை குடித்து முடித்துவிட்டது.

வியாழக்கிழமைகளில் மட்டும் எண்ணெய் வரிசை ஏன் அவ்வளவு நீளமாக இருந்தது, பாதி நாள் ஏன் ஆனது, வெறும் பையோடு வந்தவள் ஏன் அன்றைக்கு மட்டும் பாட்டு முணுமுணுத்தாள் என்றெல்லாம் புரிந்தது. நாலு பல்லையும் அவள் பார்த்திருக்கிறாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. அழுகையும் வந்தது.

கீழ்வீட்டில் ஒரு கைக்குழந்தை இருக்கிறது. அவர்களும் தினமும் வரிசையில் நிற்கிறார்கள். என் டப்பாக்களை அங்கே கொடுத்துவிடலாம் என்றாள். தலையாட்டினேன்.

நாளைக்கு வியாழக்கிழமை. கட்டுப் போட்ட கையால் அவளால் பை தூக்க முடியாது. பையை ஆணியிலிருந்து எடுத்து என் முன்னால் வைத்தாள்.

அவளுடைய மூன்றையும் உள்ளே வைத்தேன். பிறகு என்னுடையதில் ஒன்றை, சேதி கேட்ட அன்றே வாங்கிய, தூசி படிந்த டப்பாவைப் பார்த்து எடுத்து, அதையும் வைத்தேன்.

அதை மகளிடம் காட்ட வேண்டும்.