பனையேறியின் நெஞ்சு

எட்டாம் மாதமே பிறந்துவிட்ட குழந்தை. அன்று கிராமச் செவிலியான நான் அவர்கள் வீட்டுக்குப் போய்த் தொட்டுப் பார்த்தபோது வயிறு கதகதவென்றிருந்தது, பாதம் சில்லிட்டிருந்தது. அதை நெஞ்சிலேயே போட்டுக்கொண்டிருந்த தாய் பால் கொடுத்த அசதியில் தூங்கியிருந்தாள். தகப்பன் தவசிமுத்துவிடம் சட்டையைக் கழற்றச் சொன்னேன்.

“உன் நெஞ்சுச் சூட்டுலதான் இது பொழைக்கணும்.”

“வெளாடுதியளா யக்கா? தெனம் முப்பது பனையக் கட்டிப்புடிக்கிற நெஞ்சு. காய்ச்சுப்போயி செரட்டயாட்டம் கெடக்கு. புள்ள தோலு உரிஞ்சிராதா?”

“உரியாதுடே, உக்காரு.”

குழந்தையை அவன் மார்போடு ஒட்டவைத்து, மனைவியின் பழைய சேலையால் இருவரையும் சேர்த்துக் கட்டினேன். பனை உச்சியில் காற்றோடு ஆடுகிறவன், கட்டிலில் மூச்சை இழுத்து விடவே பயந்தான். வெளியே யாரோ கத்தினார்கள்: “ஏலே, பனையில பதினி பொங்கி வழியுது, ஏற வரலியா?”

குழந்தையின் பாதத்தைப் பிடித்தபடி நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இன்னும் சூடு ஏறவில்லை.

உதடு அசையாமல் கேட்டான்: “யக்கா, தும்மல் வருது. என்ன செய்யட்டும்?”